இல்லை என்று சொல்ல நாற்பது விநாடி

என் மேசை ஃபோன் ஒரே ஒருவர் கூப்பிட்டால்தான் அடிக்கும். தரைத்தளத்தில் தொலைந்த பொருள் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர். பஸ்ஸிலும் ரயிலிலும் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிற குடை, பை, பல்செட் எல்லாம் எங்கள் அலுவலகத்துக்குத்தான் வந்து சேரும். ஒவ்வொன்றையும் இரண்டு வரியில் வர்ணித்து டேட்டாபேஸில் ஏற்றி வைப்போம். தேடி வருகிறவர் சொல்லும் அடையாளத்தைக் கவுன்டர்காரர் தட்டினால், பொருந்துகிறவற்றில் புதியது முதலாக இருபது பதிவுகள் திரையில் வரவேண்டும். வரவழைப்பது என் வேலை. நான் உட்கார்ந்திருப்பது பேஸ்மென்டில், தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் கீழ்வீட்டம்மா.

"என்ன கீழ்வீட்டம்மா, உங்க பொட்டி தூங்கிடுச்சா? இங்க ஒருத்தர் கிளாரினெட்டைக் காணோம்னு நிக்கிறார். நானும் அவரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"தேடிக்கிட்டுதான் இருக்கு சார். கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்கிறேன். அதுவரைக்கும் ஏதாவது பேசுங்க."

நான் பேசுவேன். நாற்பது விநாடி கிடைக்கும். காலையில் பால் பொங்கி அடுப்பு பாழானதைச் சொல்வேன். அவர் மூன்றாம் நம்பர் பஸ் டிரைவரைத் திட்டுவார். அதற்குள் திரையில் கிளாரினெட் வந்துவிடும், ஃபோனை வைத்துவிடுவார். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. எனக்கு வயது நாற்பத்து மூன்று. தனியாக இருக்கிறேன். தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவாள், அவ்வளவுதான் என் சொந்தபந்தம். நான் ஒரு நாளில் பேசுகிற மொத்தப் பேச்சும் அந்த நாலு நிமிஷம்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகத்தான் வேலைக்கே போனேன்.

தேடல் ஏன் தாமதமாகிறது என்பது எனக்கு மூன்று வாரமாகத் தெரியும். பதிவுகள் நாற்பத்தோரு லட்சம். தேட இரண்டு வழி உண்டு. எந்தச் சொல் எந்தெந்தப் பதிவில் இருக்கிறது என்று தனியாக ஓர் அட்டவணை இருக்கிறது. அதைப் பார்த்துப் பொருந்துவதையெல்லாம் திரட்டி, பிறகு தேதிப்படி அடுக்கலாம். இல்லையென்றால் இன்றைய பதிவிலிருந்து பின்னோக்கி நடந்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, இருபது கிடைத்ததும் நின்றுவிடலாம். 'கறுப்புக் குடை' என்றால் இரண்டாவது வழி பிரமாதம். முந்தாநாள் வரை போனாலே இருபது குடை தேறிவிடும். டேட்டாபேஸ் ஒரு பேராசைக்காரன். 'புதிய இருபது மட்டும்' என்று கேட்டதுமே, சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்பி அந்த வழியில் இறங்கிவிடும். கிளாரினெட் மாதிரி அபூர்வமான சாமான் என்றால் இருபது தேறவே தேறாது. பன்னிரண்டு வருஷம் பின்னால் நடந்து, முதல் பதிவு வரைக்கும் போய் முட்டிக்கொண்டுதான் திரும்பும். இல்லவே இல்லாத சாமானுக்கும் அதே நடைதான்.

சரிசெய்யத் தெரிந்தும் நான் செய்யவில்லை. செய்தால் ஃபோன் வராது.

அப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். மேலாளர் ஒருநாள் படியிறங்கி வந்தார். கவுன்டரில் வரிசை நகரவில்லை என்று புகார் மேல் புகாராம்.

"அந்த மனுஷன் ரொம்ப மெதுவும்மா. மாசக் கடைசிக்குள்ள சரியாகலன்னா குடோனுக்கு மாத்திடறேன். வேற ஆளைப் போட்டுக்கலாம்."

குடோன் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே மூட்டை எண்ணுவதுதான் வேலை. என் சுயநலத்துக்கு அவர் பழி சுமக்கிறார். "அவர் மேல தப்பில்ல சார், தேடல்தான் மெதுவு. நான் சரி பண்றேன்" என்றேன். ஃபோன் குறைந்தால் குறையட்டும், மனிதர் மேலேயே இருக்கட்டும், தேநீர் நேரத்தில் நானே படியேறிப் போனால் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன்.

வேலை நாலு நாள் பிடித்தது. முதலில் சொல் அட்டவணையில் பொருந்துகிற பதிவுகளை ஐந்நூறு வரைக்கும் மட்டும் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். அதற்குள் தீர்ந்துவிட்டால் சாமான் அபூர்வம், இருப்பதைத் திரட்டித் தேதிப்படி அடுக்கிக் கொடுத்துவிடலாம். ஐந்நூறைத் தாண்டினால் குடை ரகம், தேதி வழியிலேயே நடக்கட்டும். கேட்க இவ்வளவுதான். ஆனால் டேட்டாபேஸ் என் பேச்சைக் கேட்காமல் பழைய வழிக்கே திமிறிக்கொண்டு ஓடியது. தேடலைத் தனித்தனிப் படியாகப் பிரித்து அதைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். மோட்டாரைத் தவிரக் கேட்க ஆள் இல்லை.

சோதித்துப் பார்க்க ஒரு தேடல் வேண்டுமே. தாமதமான தேடல்களையெல்லாம் சர்வர் தன் பாட்டுக்குக் குறித்து வைக்கும். அதில் ஒன்று தினமும் இருந்தது. காலை எட்டு நாற்பது, கவுன்டர் திறப்பதற்கு இருபது நிமிஷம் முன்பு. 'தையல் அளவு நோட்டு மஞ்சள் அட்டை.' ஒரு பதிவும் பொருந்தாது. முழுத் தூரமும் நடந்து வெறுங்கையோடு திரும்புகிற தேடல். பொட்டி எப்படி இருக்கிறது என்று மனிதர் தினமும் இதைக் கொடுத்துப் பரிசோதிக்கிறார் போலிருக்கிறது, கில்லாடி என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் மட்டும் அவர் எனக்கு ஃபோன் செய்ததே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. அதையே எடுத்து நானூறு தடவை ஓட்டினேன். நாற்பது விநாடி ஒன்பதாகி, ஒன்றாகி, கடைசியில் கண் இமைக்கிற நேரமாயிற்று. நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

மறுநாள் எட்டரைக்கே படியேறினேன். தலை வாரி, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டியிருந்தேன்.

"அடடே, கீழ்வீட்டம்மா மேல வந்தாச்சா! இன்னிக்கு மழைதான்."

"நகருங்க சார். ஒரு வித்தை காட்டறேன்."

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, தையல் அளவு நோட்டு மஞ்சள் அட்டை என்று தட்டினேன். விரலை எடுப்பதற்குள் திரை சொல்லிவிட்டது, பதிவு எதுவும் இல்லை.

"பாத்தீங்களா!" என்று திரும்பினேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் நீங்க இதை வெச்சுத்தானே சோதிக்கிறீங்க?"

"சோதிக்கல. தேடறேன்."

அது அவர் மனைவியுடைய நோட்டு. வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்தவர். ஒவ்வொருவர் அளவுக்கும் பக்கத்தில் ஏதாவது கிண்டலாக எழுதி வைப்பாராம். "வயித்த உள்ள இழுத்துக்கிட்டு நின்னார், ரெண்டு அங்குலம் கூட்டிக்கணும்னு என் பேருக்குப் பக்கத்துலயே எழுதியிருப்பா" என்றார். மனைவி இறந்துபோன அடுத்த வாரம், வாடிக்கைக்காரர் ஒருவர் தன் அளவு வேண்டும் என்று கேட்க, நோட்டை எடுத்துக்கொண்டு போன இவர் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். ஆறு வருஷம் ஆகிறது.

"இந்த வேலையில சேந்ததே அதுக்காகத்தான். யாராவது எப்பவாவது கொண்டுவந்து போட மாட்டாங்களான்னு."

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. "வேற வார்த்தையில எழுதியிருப்பாங்க சார், இருங்க" என்று மறுபடியும் கீபோர்டைப் பிடித்தேன். தையல் டைரி. இல்லை. சட்டை அளவு புத்தகம். இல்லை. டெய்லர் நோட்டு. இல்லை. மஞ்சள் அட்டை கணக்கு நோட்டு என்றதற்கு மூன்று வந்தன, மூன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையவை. அவர் எத்தனையோ வருஷத்துக்குச் சேர்த்து வைத்திருந்த 'ஒருவேளை வேறு பெயரில் இருக்குமோ' என்ற சந்தேகங்களை நான் ஒரு நிமிஷத்தில் தீர்த்துவைத்தேன்.

"போதும்மா" என்றார்.

கையை எடுத்தேன்.

"முன்னாடி கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டே இருக்கும். எங்கியோ உள்ள போய்ப் பாத்துக்கிட்டு இருக்குன்னு தோணும். இதோ கொண்டு வந்துடும், இதோ வந்துடும்னு உக்காந்திருப்பேன்." திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "இது ஒழுங்கா எல்லாத்தையும் பாத்துடுச்சா?"

"பாத்துடுச்சு சார்."

"பழசெல்லாம்?"

"பன்னெண்டு வருஷமும்."

பொய் சொல்லியிருக்கலாம். பழையதெல்லாம் இன்னும் ஏற்றி முடியவில்லை, பாதிதான் ஏறியிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வேலையின் மேல் எனக்கிருந்த கர்வம் அதைச் சொல்ல விடவில்லை.

"நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார் அவர். பிறகு கதவைத் திறந்து வரிசையில் முதல் ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த வாரம் மேலாளர் மறுபடியும் கீழே வந்தார். முகமெல்லாம் பல். வரிசை பறக்கிறதாம், புகாரே இல்லையாம், மேலிடத்தில் என் பெயரைச் சொல்லியிருக்கிறாராம்.

"ஆனா பாருங்கம்மா, வேடிக்கைய. நான் மாத்தவே வேண்டாம்னு விட்டுட்டேன். அவரே குடோனுக்குப் போறேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டார். போகட்டும், புதுப் பொண்ணு ஒண்ணு வந்திருக்கு. இனிமே கவுன்டர்லருந்து உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

"நல்லது சார்" என்றேன். அவர் படியேறிப் போகும்வரை பொறுத்திருந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.