காளியப்பனின் ஐந்து குளம்பு ஆடு

மலேசியாவில் லாபிஸ் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆடு வளர்க்கும் காளியப்பனின் கொட்டகையில், ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன விலங்கு ஒன்று 2019 ஜூன் மாதம் முதல் புண்ணாக்கு தின்றுவருகிறது. மறுநடவுக்குத் தோண்டிய பள்ளத்திலிருந்து ஏறிவந்து ஆடுகளோடு சேர்ந்துகொண்டது. ஆட்டளவு உடம்பு, காலுக்கு ஐந்து விரல், விரலுக்கொரு குளம்பு, நீண்ட வால். செகாமட்டில் ஆசிரியையாக இருக்கும் மகள் வாசுகி கைப்பேசியில் தேடிப் பார்த்து, "இது பெனகோடஸ்ங்கிற மிருகம்ப்பா. எலும்பு மட்டுந்தான் கெடச்சிருக்காம்" என்றாள்.

"எலும்பு எப்படி லா மேயும்? யாரு ஆடு, அதைச் சொல்லு" என்றார் கோயில் தலைவர் சபாபதி. அந்த வருடம் அவருடைய ஆடுகளில் இரண்டு காணாமல் போயிருந்தன. திருடிய ஆடு அடையாளம் தெரியக்கூடாதென்று காளியப்பன் வாலை இழுத்து நீட்டிவிட்டதாகத் தோட்டமே நம்பியது. குளம்புக்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். நம் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் ஐந்து கோடி ஆண்டெல்லாம் ஒரு பொருட்டா? வாசுகியின் கல்யாணத்துக்கு எல்லோரும் வந்தார்கள், மொய் வைத்தார்கள், ஆட்டுக்கறியை மட்டும் இலையோரம் ஒதுக்கிவிட்டுப் போனார்கள். கோவிட் காலத்தில் இரண்டு வருடம் திருவிழா நின்றது. சந்தேகம் நிற்கவில்லை.

2022 முனியாண்டி திருவிழாவில் விஷயத்தை முடித்துவிடுவதென்று தீர்மானித்தார்கள். பலி ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு, வெட்டலாம். காளியப்பனின் ஆடு உதறினால் சாமிக்கு. உதறாவிட்டால் திருட்டு ஆடு, அவர் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும். "வீட்ட எடுத்துக்குங்க, இத விட்டுருங்க" என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் அழுதார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

பூசாரி மூன்று குடம் ஊற்றினார். விலங்கு அசையவில்லை. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பார்த்த வரிசையிலேயே உதறல் தொடங்கியது. முதலில் சபாபதி, தலை முதல் கால்வரை, காது படபடக்க. பிறகு பொருளாளர், பூசாரி, மேளக்காரர்கள், மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பேர். காளியப்பன் மட்டும் சும்மா நின்றார்.

உத்தரவு என்றால் உத்தரவுதான். பூசாரி கத்தியை மெல்லத் தரையில் வைத்தார். அன்று சைவச் சாப்பாடு.

அதன்பிறகு அது யாருடைய ஆடு என்று ஒருவரும் கேட்பதில்லை. மழையில் நனைந்து வந்து யாராவது தலையை உதறினால், பக்கத்தில் நிற்பவர் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள்.