இரண்டு பானையில் ஒரே சூப்

கிட்ட வாருங்கள், என் கண்ணுகளே. அந்தக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், ஈரக் காற்று உள்ளே வருகிறது. நம் லேயி ஆற்றங்கரையில், பழைய நூல் ஆலைக்குப் பின்னால் இருக்கிறதே செங்கல் வீட்டு வரிசை, அங்கே நடந்த கதையைச் சொல்கிறேன். பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒரு அடுப்பும் இரண்டு பானையும்தான். ஆனால் கேட்டு முடித்த பிறகு உங்கள் வீட்டு அடுப்பை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பீர்கள்.

வரிசையில் கடைசி வீடு. வாசலில் இரண்டு அழைப்பு மணி, இரண்டு தபால் பெட்டி. கீழே கெர்டா, மாடியில் மரியெத். இருவரும் அறுபதைத் தொட்டவர்கள். பள்ளிக்கூடத் தரைகளைத் துடைத்துத் துடைத்துக் கெர்டாவுக்கு முதுகு போயிற்று. கோழி ஆலையில் நின்று நின்று மரியெத்துக்கு முழங்கால் போயிற்று. தனி ஆள் என்ற பெயரில் இருவருக்கும் அரசாங்க உதவிப் பணம் வந்தது. சேர்ந்து குடித்தனம் நடத்துகிறார்கள் என்று தெரிந்தால் இருவர் பணத்தையும் குறைத்துவிடுவார்கள். இது நம் ஊரில் யாருக்குத் தெரியாது? கல்யாணம் வரைக்கும் வந்த காதலர்களே இதற்குப் பயந்து இரண்டு வாடகை கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள்.

ஆனால் குளிர் காலத்தில் இரண்டு வீட்டைச் சூடாக்க யாரால் முடியும்? அக்டோபர் பிறந்தால் மரியெத் தன் பானையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுவாள். கெர்டாவின் சமையலறை அடுப்பு மட்டும் எரியும். அதன்மேல் நீல எனாமல் பானை கெர்டாவுடையது. விளிம்பு தெறித்த வெள்ளைப் பானை மரியெத்துடையது. லீக்ஸ் என்ற தடித்த வெங்காயத்தாளை ஒன்றாக நறுக்கி, கறி உருண்டையை ஒன்றாகப் பிடித்து, கொதித்ததும் பாதிப் பாதியாக ஊற்றிக்கொள்வார்கள். எந்த அதிகாரி வந்து எட்டிப் பார்த்தாலும் அது அவள் பானை, இது என் பானை என்று சொல்லலாமே.

"உன் சூப்புல உப்பு ஜாஸ்திடி" என்பாள் மரியெத்.

"அப்ப உன் சூப்பக் குடிச்சுக்கோ, யாரு வேண்டாங்கிறா" என்பாள் கெர்டா.

தினமும் இதே பேச்சு. தினமும் இதே சிரிப்பு. புருஷனைப் பறிகொடுத்த பிறகு கெர்டாவை உயிரோடு வைத்திருந்தது உதவிப் பணமா அந்தச் சிரிப்பா என்று கேட்டால், அவள் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பாள்.

அந்த வீட்டுக்கு வருஷா வருஷம் வசந்தத்தில் வருவாள் ஃபெம்கே. முப்பது வயசுப் பெண், நல்ல சிரித்த முகம். ஊரில் வறுமையின் விளிம்பில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கணக்கெடுப்பது அவள் வேலை. குலுக்கலில் கெர்டாவின் கதவு விழுந்திருந்தது. ஒரே வீட்டுக்கு நாலு வருஷம் வரவேண்டும் என்பது முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது கறியோ மீனோ சாப்பிட முடிகிறதா, வீட்டைச் சூடாக வைக்க முடிகிறதா, கிழிந்துபோன சோபாவை மாற்ற முடியுமா என்று கேட்டுக் கேட்டுக் கையிலிருக்கும் டேப்லெட்டில் தட்டிக்கொள்வாள்.

முதல் வருஷம் கெர்டா எல்லாவற்றுக்கும் முடியும், முடியும் என்று வீம்புக்குச் சொல்லிவைத்தாள். இரண்டாம் வருஷம் பாதி உண்மை வந்தது. கணக்கு எப்படிப் போடுகிறீர்கள் என்று அவளே கேட்டாள். நாட்டில் நடுவில் நிற்கிறவருடைய வருமானத்தை எடுத்து, அதில் நூற்றுக்கு அறுபது பங்கில் ஒரு கோடு போடுவோம். அதற்குக் கீழே இருப்பவர் விளிம்பில் நிற்பவர் என்றாள் ஃபெம்கே. உதவிப் பணத்தை எடுத்துவிட்டு ஒரு தடவை, சேர்த்து ஒரு தடவை கணக்குப் பார்ப்போம், அந்த வித்தியாசம்தான் உதவியின் பலன் என்று விளக்கினாள்.

"எடுத்துட்டுப் பாத்தா நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள் கெர்டா.

"கோட்டுக்கு ரொம்பக் கீழ."

"கோட்டுக்குக் கீழ இல்ல பொண்ணே, மண்ணுக்குக் கீழ."

இருவரும் சிரித்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட சிநேகம்தான்.

மூன்றாம் வருஷம் நல்ல மழை. ஃபெம்கே தொப்பலாக நனைந்து வந்தாள். கெர்டா அவள் காலணியைக் கழற்றச் சொல்லி அடுப்பருகே காயவைத்தாள்; நீலப் பானையிலிருந்து ஒரு கிண்ணம் சூப் ஊற்றிக் கொடுத்தாள். மரியெத் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். குடித்துக்கொண்டே ஃபெம்கே இரண்டு பானையையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே வாசம். டேப்லெட்டை மூடி மடிமேல் கவிழ்த்து வைத்தாள்.

"இது கணக்குக்கு இல்ல கெர்டா. சும்மா ஆசைக்குக் கேக்கிறேன். ஏன் ரெண்டு பானை?"

மூடிய டேப்லெட்டைக் கெர்டா பார்த்தாள். அவளுக்கு மகள் இல்லை. மனசு இளகிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள்: அக்டோபரில் இறங்கி வருவது, யார் முதலில் எழுகிறாளோ அவள் அடுப்பைப் பற்றவைப்பது, உப்புச் சண்டை, எல்லாம். சொல்லச் சொல்ல அவளுக்கே பெருமையாக இருந்தது. மரியெத்திடம் இதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது, சூப் கொடுத்தோம், பேசினோம் என்று விட்டுவிட்டாள்.

செப்டம்பரில் கணக்கின் முடிவைச் சொல்ல நூலகக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். காபியும் அரிசிப் பாயசம் ஊற்றிச் சுட்ட கேக்கும் உண்டு என்று கேட்டதும், கெர்டா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு மரியெத்தையும் இழுத்துக்கொண்டு போனாள். மேடையில் ஃபெம்கே. திரையில் கோடுகள் ஏறி இறங்கின. உதவி இல்லாவிட்டால் இத்தனை பேர் கீழே, உதவியால் இத்தனை பேர் மேலே என்று சொல்லிக்கொண்டே வந்தவள், குரலைத் தாழ்த்தினாள். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சமையலறையை உங்களுக்குக் காட்டுகிறேன் என்றாள்.

அப்புறம் ஒரு நீலப் பானையைப் பற்றிச் சொன்னாள். விளிம்பு தெறித்த ஒரு வெள்ளைப் பானையைப் பற்றியும் சொன்னாள். ஒருத்தி கீழே, ஒருத்தி மாடியில், குளிர் முழுக்க ஒரே அடுப்பு. அன்பாகத்தான் சொன்னாள், அழகாகவும் சொன்னாள். கூடமே நெகிழ்ந்து சிரித்தது. முன்வரிசையில் இருந்த கசாப்புக் கடைக்காரி மெல்லத் திரும்பி, கறி உருண்டைக்கு வாரா வாரம் சேர்ந்து வரும் இருவரையும் பார்த்துத் தலையாட்டினாள்.

கெர்டாவின் முழங்கைக்குள் கோத்திருந்த மரியெத்தின் கை உருவிக்கொண்டு போயிற்று. கேக்கை அவள் தொடவில்லை. பாலம் தாண்டும்வரை கெர்டாவுக்கு முன்னாலேயே நடந்தாள். பிறகு நின்றாள்.

"அவ கேட்டா, நீ சொல்லிட்ட. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு? பாதி சூப் என்னோடதுடி."



மறுநாள் கெர்டா ஃபெம்கேவிடம் தொலைபேசியில் பேசினாள். ஃபெம்கே பதறிப்போனாள். உங்கள் பெயரை எங்கேயும் சொல்லவில்லையே, தெருவைக்கூடச் சொல்லவில்லையே என்றாள். உதவிப் பணம் மட்டும் போதவில்லை, ஒருவரையொருவர் தாங்கித்தான் ஜனங்கள் கோட்டுக்கு மேலே நிற்கிறார்கள் என்று நகர சபைக்குப் புரிந்தால் பணத்தைக் கூட்டுவார்கள் என்று நினைத்தேன் என்றாள்.

"பேரைச் சொல்லலதான். பானையச் சொல்லிட்டியே" என்று சொல்லிக் கெர்டா போனை வைத்துவிட்டாள்.

அக்டோபரில் உதவி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர். காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். அந்தக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன் என்றார். இரண்டு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியையும் திறந்து, மாடியில் சில்லிட்டுக் கிடந்த ஹீட்டரையும் தொட்டுப் பார்த்தார். இது அவள் பானை, இது என் பானை என்று கெர்டா ஆரம்பித்தாள். அவர் தலைகுனிந்து, தெரியும் அம்மா என்றார். அதைவிட அவர் அதட்டியிருக்கலாம்.

இருவரையும் ஒரே குடித்தனம் என்று எழுதி இருவர் பணத்தையும் குறைத்தார்கள். தனி ஆள் என்று மறுபடி நிரூபிக்க ஒரு வழிதான் இருந்தது. குளிர் இறங்கும் முன்னே மரியெத் ஆற்றுக்கு அக்கரையில், துணி வெளுக்கும் கடைக்கு மேலே ஒரு அறை பார்த்துக்கொண்டாள். வெள்ளைப் பானையைப் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனாள். வாசலில் நின்று, முழங்கால் சரியானால் வருகிறேன் என்றாள். அது சரியாகிற முழங்கால் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

நாலாம் வசந்தம். மணி அடித்தது. ஃபெம்கே. கெர்டா அவளைச் சமையலறைக்கு அழைக்கவில்லை. நடைவழியிலேயே நிற்கவைத்துப் பதில் சொன்னாள். கறியோ மீனோ? இல்லை. சூடு? இல்லை. வீட்டில் எத்தனை பேர்?

"ஒருத்தி."

ஃபெம்கே தட்டினாள். குறைத்த பணம் இன்னும் திரும்பாததால், உதவிப் பணத்தைச் சேர்த்தும் கணக்குக் கோட்டுக்குக் கீழே போய் நின்றது. அவள் கண் கலங்கிவிட்டது. டேப்லெட்டை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மரியெத் எப்படி இருக்காங்க கெர்டா?" என்று கேட்டாள்.

"மூடாத" என்றாள் கெர்டா. "தெறந்தே வச்சிரு. தெறந்திருக்கும்போது என்ன கேக்கணுமோ அத மட்டும் கேளு."

கேட்க எதுவும் மிச்சமில்லை. கெர்டா கதவைச் சாத்தினாள். உள்ளே நீலப் பானையில் பாதிக்கு மேல் சூப் இருந்தது. ஒருத்திக்கு எவ்வளவு வைப்பது என்று அவள் கைக்கு இன்னும் பழகவில்லை.

போய்ப் படுங்கள், கண்ணுகளே. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் மேசையில் இன்னொரு கிண்ணத்துக்கு எப்போதும் இடமும் ஆளும் இருக்கட்டும். அந்தக் கிண்ணத்தை வெளியில் யாரும் எண்ணாமல், உங்கள் வீடு நிறைந்து வாழட்டும்.