கிளைமாக்ஸ் அந்தோணி

கிருமாம்பாக்கத்தில் இறங்கி அந்தோணிசாமி வீடு எது என்று கேட்டால் நாலு அந்தோணிசாமி வீட்டைக் காட்டுவார்கள். வெயிலில் அலைய வேண்டியதுதான். கிளைமாக்ஸ் அந்தோணி என்று கேளுங்கள், பஸ் நிறுத்தத்தில் பூ கட்டுகிற அம்மா தலையைத் தூக்காமலே வழி சொல்லும்.

பாகூர் போகிற ரோட்டில் அவனுக்கு ஒரு கேபிள் டிவி ஆபீஸ். கூடவே சொந்தமாக ஒரு லோக்கல் சேனல். காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் ஒரு படம், சாயந்திரம் ஒரு படம், அடியில் ஓடுகிற ஸ்க்ரோலிங்கில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. ஊரே போனில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்ட இந்தக் காலத்திலும் அந்தச் சேனல் ஓடுகிறது என்றால் அதற்கு ஒரே காரணம் அந்தோணியின் சிபாரிசு. யாருக்கு எந்தப் படம் பொருந்தும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவளுக்கு ‘அண்ணி ஏற்றிய அடுப்பு’. பெண் கிடைக்காத முப்பத்தைந்து வயதுக்காரனுக்கு ‘மாப்பிள்ளை தலைமறைவு’. ராத்திரி நேரத்தில் நிலத்துக்குப் போக மாட்டேன் என்று சாக்குத் தேடுகிறவனுக்கு ‘பம்புசெட்டு மோகினி’. சொன்னால் சொன்னதுதான், ஒரு தடவைகூடத் தப்பாது.

பிரச்சினை என்னவென்றால் சிபாரிசோடு சேர்த்து முடிவையும் சொல்லிவிடுவான்.

“‘பம்புசெட்டு மோகினி’ பாருடா, பயத்துல ஒண்ணுக்கு வந்துரும். பேயே கெடையாது, பங்காளிதான் பொடவ கட்டிக்கினு ஆடுறான். ஆனா செம பயமா இருக்கும்!”

வேண்டுமென்று செய்கிற வேலை இல்லை இது. அவன் எந்தப் படத்தையும் கடைசிக் கால் மணி நேரத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முதல் காட்சிக்கே வருவான். யார் சாகிறான், யார் சேருகிறான் என்று தெரியாமல் உட்கார்ந்தால் அவனுக்கு வயிற்றைப் பிசையும். தனக்குப் பிசைகிற மாதிரியே ஊருக்கெல்லாம் பிசையும் என்று நம்பினான். ஆகவே முடிவைச் சொல்வதை ஒரு தர்மகாரியமாகவே நடத்திவந்தான். ஒரு வருஷம் பாஸ்கா நாடகம் பார்க்கப் போன இடத்தில், சிலுவையில் அறைகிற காட்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழிலரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தோணிக்குப் பொறுக்கவில்லை. “அழுவாதடா. ஞாயித்துக்கெழம எழுந்துருவாரு,” என்று தேற்றினான். நாலு வரிசைக்குக் கேட்டது. ஃபாதர் அந்த வருஷம் முழுக்க அவனைப் பார்த்தால் மோவாயைத் திருப்பிக்கொண்டார்.

எழிலரசன் அவனிடம் லைன் இழுக்கிறவன். இந்தக் கதையில் மூளை உள்ள ஆள் அவன் ஒருவன்தான்.

அந்தோணி விஜயராணியைப் பெண் பார்க்கப் பண்டசோழநல்லூருக்குப் போனபோது, இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று வைக்கோல்போர் பக்கம் அனுப்பிவைத்தார்கள். வேலை, சம்பளம், குடி என்று எல்லா மாப்பிள்ளையும் பேசுகிற எதையும் அந்தோணி பேசவில்லை.

“உனக்கு இன்னா மாதிரி படம் புடிக்கும்?” என்றான்.

“கொலப் படம். யாரு பண்ணான்னு கடைசி வரிக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா தூக்கிப் போட்டுருவேன்.”

இவள்தான் எனக்கு என்று அந்தோணிக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. சந்தோஷம் தாங்காமல் தனக்குப் பிடித்த மூன்று கொலைப் படங்களை அங்கேயே சிபாரிசு செய்தான், மூன்று கொலைகாரர்களோடு சேர்த்து. பையன் படபடப்பில் உளறுகிறான், கல்யாணமானால் சரியாகிவிடும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பெண்கள் இப்படி நினைத்துத்தான் எத்தனையோ ஆண்களுக்குக் கல்யாணம் நடக்கிறது.

சரியாகவில்லை. விஜயராணி தையல் கம்பெனிக்குப் போகிறவள். வாரம் முழுக்கக் காஜா மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு ஞாயிறு மத்தியானம் ஒரு படம், அவ்வளவுதான் கேட்டாள். மூன்று வருஷத்தில் ஒரு படத்தின் முடிவைக்கூட அவள் படத்திலிருந்து தெரிந்துகொள்ளவில்லை. எல்லாம் புருஷன் வாயிலிருந்துதான். சாம்பார் ஊற்றும்போது ஒரு கொலைகாரன், பல் தேய்க்கும்போது ஒரு கொலைகாரன்.

கடைசியாக வந்தது ‘ஈரச்சட்டை’. அந்தப் படத்துக்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். ஞாயிறன்று மீன் குழம்பை முன்கூட்டியே வைத்து இறக்கி, போனை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு, அந்தோணியை வெளியே தள்ளிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

“படம் முடியிற வரிக்கும் இந்தப் பக்கம் வந்த, அரிவாமனதான்.”

அந்தோணி வேப்பமர நிழலில் உட்கார்ந்து பொறுத்துப் பார்த்தான். உள்ளே படம் ஓடுகிற சத்தம் கேட்டது. இடைவேளை தாண்டியதும் விஜயராணி தனக்குத்தானே பேசுவது காதில் விழுந்தது. “வாட்ச்மேன்தான், எனக்குத் தெரியும், அவன் முழியே சரியில்ல.” பாவம், ஒரு ஏழை வாட்ச்மேனைப் போய்ச் சந்தேகப்படுகிறாளே என்று அந்தோணிக்கு வயிற்றைப் பிசைந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனான்.

“ஏய் ராணி, வாட்ச்மேன் இல்லடி! டாக்டரு!”

உள்ளே டிவி நின்றது. பிறகு கதவு திறந்தது. கையில் பையோடு விஜயராணி வந்து, அவன் பக்கம் திரும்பாமலே பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

ஊர் சிரித்தது. குடியால் பிரிந்த குடும்பம் உண்டு, சின்ன வீட்டால் பிரிந்த குடும்பம் உண்டு, கிளைமாக்ஸால் பிரிந்த குடும்பம் இது ஒன்றுதான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அந்தோணிக்குச் சோறு இறங்கவில்லை. போன் போட்டால் அவள் எடுக்கவில்லை. ஆனால் அவன் கையில் ஒரு ஆயுதம் இருந்தது. மாமியார் வீட்டிலும் அவன் கேபிள்தான்.

மறுநாளிலிருந்து அவன் சேனலை விஜயராணி ஒருத்திக்காகவே ஓட்டினான். திங்கட்கிழமை மத்தியானமும் சாயந்திரமும் ‘அண்ணி ஏற்றிய அடுப்பு’. அழுது மனசு இளகுவாள் என்று கணக்கு. இளகவில்லை. செவ்வாய்க்கிழமை சிரிப்புப் படம். புதன்கிழமை பேய்ப் படம், பயந்தாலாவது புருஷனைத் தேடுவாள் என்று. வியாழக்கிழமை ஒரு காதல் படம், அதில் புருஷனும் பொண்டாட்டியும் ஒன்பது பாட்டு பாடிவிட்டுப் பிரிகிறார்கள். அதையும் இரண்டு வேளை போட்டான். போட்டதோடு நிற்கவில்லை, அவள் பொறுமையாகப் பார்க்க வேண்டுமே என்று அடியில் ஸ்க்ரோலிங் விட்டான்: “பண்டசோழநல்லூர் விஜயராணி அவர்களின் கனிவான கவனத்திற்கு. இப்படத்தின் இறுதியில் கணவன் மனைவி ஒன்று சேர்ந்துவிடுவார்கள். இப்படிக்கு அன்புக் கணவர்.”

நெட்டப்பாக்கம் பக்கத்திலிருந்து பாகூர் வரைக்கும் அத்தனை வீட்டிலும் அது ஓடியது.

வெள்ளிக்கிழமை காலையில் மாமியார் சவரியம்மா போன் செய்தாள்.

“மாப்ள, உங்களுக்குப் புண்ணியமா போவும், அந்த எழுத்த நிறுத்துங்க. கோயிலுக்குப் போனா, உங்க பொண்ணு கடைசில சேந்துருவாளாமேன்னு கேக்குறாளுங்க. இவ இன்னும் மூஞ்சிய தூக்கி வச்சிக்கினா.”

“இன்னா சொல்றா அத்த?”

“இன்னா சொல்றா? அரியாங்குப்பத்துல அவ அக்கா வூட்டுல தங்கி அங்கியே ஒரு கம்பெனிக்குப் போறாளாம். ஞாயித்துக்கெழம சாயந்திரம் கெளம்புறா. அங்க போயிட்டா அப்பறம் வர மாட்டா, சொல்லிட்டேன்.”

அந்தோணி போனை வைத்துவிட்டு ஆபீஸ் நாற்காலியில் சரிந்தான். நிஜமாகவே பயந்துபோனான். அவள் இல்லாத வீட்டில் இனி யாரிடம் எந்தப் படத்தைச் சொல்வது? இந்த ஒரு கதையின் முடிவு மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. ஓட்டிப் பார்க்கவும் வழி இல்லை.

“நான் இன்னாடா தப்பு பண்ணேன்? நல்ல படமாத்தான போட்டேன்?” என்று எழிலரசனிடம் புலம்பினான்.

“ணா, கோச்சிக்காத. உனக்கு முடிவு தெரிஞ்ச படத்த நீ யாருக்குப் போட்டாலும் வெளங்காது. உனக்குத் தெரியாத படமா ஒண்ணு நான் போடுறேன். நீ ஹார்ட்டிஸ்க்கத் தொடாத. நேரா அண்ணி வூட்டுக்குப் போயி, அவுங்க கூட குந்தி ஒழுங்கா மொதல்லர்ந்து பாரு.”

“முடிவு தெரியாமயா?”

“செத்துர மாட்ட. போ.”

ஞாயிறு மத்தியானம் அந்தோணி பைக்கை எடுத்துக்கொண்டு பண்டசோழநல்லூர் போனான். சவரியம்மா ஒரு தட்டு முறுக்கை வைத்துவிட்டுத் தானும் சுவரோரம் உட்கார்ந்தாள். பை கட்டிக் கதவோரம் வைத்திருந்தது. விஜயராணி டிவியைப் பார்த்தாளே தவிர இவனைப் பார்க்கவில்லை. ‘மழைக்கோட்டு’ என்று எழுத்து போட்டது. ஸ்க்ரோலிங் எதுவும் ஓடவில்லை.

பத்து நிமிஷத்தில் ஒரு கொலை விழுந்தது. பங்களாவில் ஐந்து பேர். அந்தோணிக்கு வேர்த்தது. காலை மடக்கினான், நீட்டினான், முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்து உடைத்தான். கடைசியில் தாங்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டான்.

“யாருன்னு உனக்குத் தெரியுமா ராணி?”

விஜயராணி ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவன் பக்கம் திரும்பினாள். “தெரியும். புதங்கெழம போன்ல பாத்துட்டேன். இங்க வந்து தெனம் ஒரு படம் பாக்குறேன், நிம்மதியா.”

“யாரு?”

“நெசமாவே சொல்லணுமா?”

“சொல்லுடி, உயிர் போவுது!”

“தம்பிக்காரன்.”

அந்தோணிக்கு அப்பாடா என்றிருந்தது. சாய்ந்து உட்கார்ந்து முறுக்கைக் கடித்தான். அதற்கப்புறம் படம் அவனுக்கு வெண்ணெயாக இறங்கியது. தம்பிக்காரன் அழுதால், “நடிக்கிறான் பாரு திருட்டுப் பய” என்றான். தம்பிக்காரன் தண்ணீர் குடித்தால், “குடிடா, ஜெயில்ல மோர் குடுப்பாங்க” என்றான். விஜயராணி ஊறுகாய் நக்குகிற மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது தம்பிக்காரன் குத்துப்பட்டு விழுந்தான். அந்தோணி முறுக்கை வாயில் வைத்தபடி நின்றுவிட்டான். குத்தியவள், படம் முழுக்க எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த அத்தை.

“ஐயோ! அத்த! டீ போட்ட அத்த!” என்று அந்தோணி துள்ளி எழுந்ததில் தட்டு பறந்தது. தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்துச் சவரியம்மா பதறி எழுந்து, “நான் இன்னா பண்ணேன் மாப்ள!” என்றாள்.

விஜயராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தினாள்.

“எப்பிடி இருந்துச்சி?”

“நெஞ்சு அடிச்சிக்குதுடி. இந்த மாதிரி எனக்கு ஆனதே இல்ல.”

“இதத்தான் மூணு வருசமா என் கைலேர்ந்து புடுங்கின. ஒரு ஞாயித்துக்கெழம, ஒரு படம். அதயும் வுடல நீ.” அவள் சிதறிக் கிடந்த முறுக்கைக் காலால் ஒதுக்கினாள். “நான் தப்பா நெனைச்சா நெனைச்சிட்டுப் போறேன்யா. வாட்ச்மேன்னு நெனைச்சா உனக்கு இன்னா? என்ன ஏமாற வுடேன்!”

அந்தோணி உட்கார்ந்தான். தான் தர்மம் என்று செய்துகொண்டிருந்தது திருட்டு என்பது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. வெட்கமாக இருந்தது. வாட்ச்மேனுக்காகப் பரிதாபப்பட்டவன் பொண்டாட்டிக்காக ஒரு நாள்கூடப் படவில்லை.

“தப்புதான் ராணி,” என்றான். “வூட்டுக்கு வர்றியா?”

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கதவோரம் இருந்த பையைத் தூக்கிக்கொண்டாள். “வண்டிய எடு.”

“எங்க?”

“எடுன்றேன்ல.”

சவரியம்மா வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தோணி வண்டியைக் கிளப்பினான். பின்னால் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கரிக்கலாம்பாக்கம் கூட்டுரோடு வந்தது. ஒரு பக்கம் போனால் பாகூர், அதைத் தாண்டி வீடு. இன்னொரு பக்கம் அரியாங்குப்பம், அக்கா.

அந்தோணி வண்டியை ஓரம் கட்டினான். வயிறு அவனைப் போட்டுப் பிசைந்தது. கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கினான். கரும்பு லாரி ஒன்று போயிற்று, பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவன் திரும்பிப் பார்க்கவில்லை, கேட்கவில்லை. பின்னால் அவளும் அவசரப்படவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவன் தோளுக்கு மேலே ஒரு கை நீண்டு பாகூர்ப் பக்கம் காட்டியது.

அந்தோணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “எனக்குத் தெரியும்டி, நீ கடைசில...” என்று ஆரம்பித்தான்.

“மூடிக்கினு ஓட்டு,” என்றாள் விஜயராணி.