அக்செப்ட் பண்ணாதே

ஃபேஸ்புக்குக்கு முன்பு ஆர்குட் இருந்த காலத்தில் எங்கள் ரகசியமெல்லாம் டெஸ்டிமோனியலில்தான் போகும். தோழியின் பக்கத்தில் அவளைப் புகழ்ந்து எழுத வைத்த இடம் அது. அவள் 'அக்செப்ட்' கொடுத்தால்தான் மற்றவர் கண்ணில் படும். அதனால் விஷயத்தை எழுதிவிட்டு, கடைசியில் 'அக்செப்ட் பண்ணாதே' என்று போட்டுவிடுவோம்.

ஹாரிகாவும் அப்படித்தான் எனக்கு எழுதினாள். வெள்ளிக்கிழமை தன் காதலன் கிஷனோடு அவிநாசி கோயிலுக்குப் போகிறாளாம். வீட்டில் கேட்டால் என்னோடு இருப்பதாகச் சொல்ல வேண்டுமாம். நான் அக்செப்ட் கொடுத்தேன். அவளுடைய அண்ணன் பார்த்துவிட்டான். அதோடு அவள் கல்லூரிக்கு வரவில்லை.

கை தவறி அமுக்கிவிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன். பச்சைப் பொய். கிஷன் வந்த பிறகு அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை என்ற வயிற்றெரிச்சல்.

ஆர்குட்டை மூடினார்கள். ஃபேஸ்புக்கில் அவளைத் தேடிப் பிடித்து ரிக்வெஸ்ட் அனுப்பினேன், பதில் இல்லை. இன்ஸ்டாகிராம் வந்தது, அங்கேயும் அனுப்பினேன். ஒரு மன்னிப்பைக் கேட்கப் பதினேழு வருடம். நல்லா இருக்கிறது என் பிழைப்பு!

போன மாதம் ஆர்.எஸ்.புரத்தில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். ஊசி போட்டு வெளியே உட்கார வைத்திருந்தார்கள். மருந்துச்சீட்டோடு ஒருத்தி வெளியே வந்தாள். ஹாரிகா!

விட்டால் போய்விடுவாள். மரத்துப்போன வாயோடு எழுந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது கை தவறி இல்ல ஹாரிகா. தெரிஞ்சேதான் செஞ்சுபோட்டேன்."

"தெரியும் புள்ள. வாயத் தொடச்சுக்கோ, எச்சி ஒழுகுது."

"உனக்குக் கோவமில்லையா?"

"அதுக்கு நாலு நாள்தான் கோவம். பதனஞ்சு நாள் என்னைய ஊட்டுல பூட்டி வெச்சிருந்தாங்க. நீ வருவேன்னு தெனமும் ஜன்னல்லயே நின்னேன். சிங்காநல்லூர்ல நம்ம ரெண்டு ஊட்டுக்கும் நடுவால ரெண்டே வீதி. நீ வரவேயில்ல. அதுதான் இன்னும் ஆறல. பொறவு என்ன ரிக்வெஸ்ட் வேண்டிக்கிடக்குது?"

வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த இரண்டு வீதியை நடக்க எனக்குப் பயம். அப்புறம் புதிது புதிதாக வந்த இடத்திலெல்லாம் ஒரு ரிக்வெஸ்டைத் தட்டிவிட்டு, அவளைத் தேடிக்கொண்டிருப்பதாக நானே நம்பியிருக்கிறேன்.

"இப்ப வரட்டுமா, உன்ற ஊட்டுக்கு?"



"குனியமுத்தூர்ல இருக்கறேன். ரெண்டு பஸ்சு மாறோணும்."

"மாறிக்கறேன்."

உள்ளேயிருந்து நர்ஸ், "லோகப்பிரியா வாங்க" என்று கூப்பிட்டாள். நான் ஹாரிகாவின் கையை விடவில்லை.

ஹாரிகா என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போயிப் பல்லப் புடுங்கீட்டு வா. இருக்கறேன்."