நடுவில் ஒரு வாய் வெந்நீர்

1

துக்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்; பிஸ்கட்டைப் பற்றி வந்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வரி இப்படி இருந்தது: 'அந்த எழுத்தாளர் இறந்த அன்று மழை...' மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

அடுத்தது: 'அவர் இறந்த செய்தி வந்தபோது அவள் வாயில் பிஸ்கட் இருந்தது.' இது இருக்கட்டும்.

2

அவள் வேதியியல் படித்தவள். பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்ப்பது வேலை. சின்ன அறை, சிவப்பு விளக்கு. பிஸ்கட்டின் நிறம் தெரியக் கூடாது என்பதற்காக அந்த விளக்கு. தட்டில் எண் இருக்கும், பெயர் இருக்காது. ஒரு கடி. ஒரு வாய் வெந்நீர்.* அடுத்த கடி. பெயரைப் பார்த்தால் நாக்கு பொய் சொல்லும். அந்த அறையின் முதல் பாடம் அது.

[இங்கே அந்த எழுத்தாளரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எப்படி எழுதினாலும் இரங்கல் கூட்டப் பேச்சாகவே வந்தது. ஒன்று மட்டும்: அவருடைய வாக்கியம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கும்.]

அவர் போன பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நாலு பக்கத்தில் மூடிவிட்டாள். அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளை பாக்குற மாதிரி ஆளாளுக்கு ஒரு குத்தம் சொல்ற. இவரு வளவளங்கிறாரு, அவரு மொட்டையா முடிக்கிறாரு..."

"அவரு மாதிரி வராது அண்ணி."

"அட்டையப் பாத்ததுமே சொல்லிடுறியே. உங்க வேலையிலயும் இப்படித்தானா, நாத்தனாரே?"

சுருக்கென்று தைத்தது.

3

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி மூன்று தாள்களை மேசையில் வைத்தாள். மூன்று பேர் எழுதியவை, அண்ணியே தட்டச்சு செய்தவை. பெயர் இல்லை. ஒன்று மட்டும் இறந்தவருடையது; எது என்று நாத்தனார் சொல்ல வேண்டும். பழைய பத்திரிகையில் வந்து புத்தகமாகாத கதை. பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீர்.

(அண்ணிக்கு இவ்வளவு பொறுமை உண்டா என்று எனக்கே சந்தேகம். நாள் முழுக்க மருந்துக்கடையில் நிற்பவள். ஆனால் நாத்தனாரைத் தோற்கடிக்க வேண்டுமென்றால் பொறுமை எங்கிருந்தோ வந்துவிடும்.)

முதல் தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவரப் பாத்து எழுதினது." தள்ளினாள். வெந்நீர்.

இரண்டாவது. "உப்பில்ல." வெந்நீர்.

மூன்றாவதில் ஒரு பெண் வீட்டைக் காலி செய்கிறாள். சாமான் எல்லாம் வண்டி ஏறிவிட்டது. சுவரில் ஒரு ஆணி மட்டும் மிச்சம். வெறும் ஆணியைப் பார்க்கப் பொறுக்காமல் சாவியை அதில் மாட்டுகிறாள். பிறகு கதவைப் பூட்ட வீடு முழுக்கச் சாவியைத் தேடுகிறாள்.

அவள் வெந்நீரை மறந்தாள்.

"இதுதான் அண்ணி! எங்க ஆளு! போனப்புறமும் எப்படிப் பேசுறாரு பாருங்க!"

ஜெயித்துவிட்ட அண்ணி சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை.

"மொதல்ல தள்ளினியே... அதுதாண்டி அவரு."

அவள் முதல் தாளை எடுத்தாள். மறுபடி படித்தாள். ஆமாம், அவர்தான். எப்படித் தெரியாமல் போயிற்று? கண் நிறைந்தது. ஆனால் கை தானாக மூன்றாவது தாளுக்குப் போயிற்று. அந்த ஆணி அங்கேயே இருந்தது. இப்படி ஒருவர் இத்தனை காலமும் இதே உலகத்தில் இருந்திருக்கிறார். ஒரு விளக்கு அணைந்த பிறகுதான் வானத்தில்...

(உவமை. வேண்டாம்.)

"பேரச் சொல்லட்டுமா?"

"இருங்க. பயமா இருக்கு."

"பேருக்கு என்னடி பயம்?"

"இவங்களையும் பிடிச்சுப் போயி... இவங்களும் போயிட்டா?"

அண்ணி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். "போவாங்க. எல்லாரும்தான் போவோம். அதுக்குள்ள படி."

4

மூன்றாவதை அண்ணியே எழுதினாள் என்று முடித்தால் கைதட்டு விழும். அதனாலேயே அப்படி முடிக்கவில்லை. பெயரைக் கேட்காமல் அவள் எழுந்து போனதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அவள் எழவே இல்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள்.

அண்ணி வாய் திறக்கிறாள்.

நான் எந்தப் பெயரை எழுதினாலும் நீங்கள் அட்டையைப் பார்த்துவிடுவீர்கள். உங்களுக்கும் ஒருவர் போயிருப்பார். இனி யாரும் இல்லை என்று இருந்தபோது இன்னொருவர் வந்திருப்பார். ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் போதும். அவள் பக்கத்தில்தான் இருக்கிறாள்.

* குளிர்ந்த நீர் நாக்கில் ஒட்டிய கொழுப்பைக் கழுவாது.