சொன்னால் இறுகும் சாந்து

1982ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஈப்போ நகரின் லாஹாட் சாலையில் இருந்த டாக்டர் ஷரபுதீனின் பல் கிளினிக்குக்கு இருபத்து நான்கு குழாய் வெள்ளைச் சாந்து வந்து இறங்கியது. பல் எப்படி உடைந்தது என்ற உண்மையைச் சொன்னால்தான் அது இறுகியது. பெட்டியோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உடைந்த பல்லை அரைக்க வேண்டாம், பிடுங்க வேண்டாம், புளிப்பு மருந்தைத் தடவிக் கழுவி உலர்த்தி, பல்லின் நிறத்துக்கு ஏற்ற சாந்தை வைத்து நீல விளக்கை நாற்பது விநாடி காட்டினால் கல்லாகிவிடும் என்று மட்டும் எழுதியிருந்தது. அதுவரை ஈப்போவில் முன்பல் உடைந்தவர்களுக்கு இரண்டே வழிகள்தாம் இருந்தன. பல்லைப் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டலாம், அல்லது சீனர் கடையில் தங்கப் பூண் போட்டுக்கொள்ளலாம். அதனால் புதுச் சாந்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் சிம்பாங் பூலாயிலிருந்தும் காம்பாரிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள்.

சாந்தின் குணத்தை முதலில் கண்டுபிடித்தவள் டாக்டருக்கு உதவியாக இருந்த நவமணி. விளக்கைப் பிடிப்பது அவள் வேலை. முதல் நோயாளி சதாசிவம் என்ற தமிழ்ப் பள்ளி ஆசிரியர். கார் மோதியதில் பல் உடைந்ததாகச் சொன்னார். நாற்பது விநாடி காட்டியும் சாந்து வெண்ணெய்போலக் குழைந்தே இருந்தது. வழித்தெடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார்கள். எண்பது விநாடி காட்டினார்கள், பிறகு விளக்கையே மாற்றினார்கள். நான்காம் முறை, வாயைத் திறந்து திறந்து தாடை வலித்துப்போன ஆசிரியர், தைப்பூசத்தன்று நண்பர்களிடம் பந்தயம் கட்டித் தேங்காயைப் பல்லால் உரித்தேன் என்று எரிச்சலோடு சொன்னார். அவர் வாயை மூடுவதற்குள் சாந்து இறுகிவிட்டது. டாக்டர் கம்பியால் தட்டிப் பார்த்தார். பல் மாதிரியே சத்தம் கேட்டது. அடுத்த ஒரு வாரத்தில் பதினோரு நோயாளிகளிடம் இதுவே நடந்ததும் டாக்டர் நோயாளி அட்டையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் சேர்த்து அச்சடிக்கக் கொடுத்தார். அவருக்கு வியப்பெல்லாம் இல்லை. ஈரம் பட்டால் ஒட்டாத சாந்து உண்டு, பொய் பட்டால் ஒட்டாததும் இருக்கும், இரண்டுக்கும் வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்வதுதான் மருந்து என்றார்.

ஊர் அதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. மாப்பிள்ளைக்கு முன்பல் உடைந்திருந்தால் பெண்வீட்டார் அவரை லாஹாட் சாலைக்கு அழைத்து வந்தார்கள். ஒரு வழக்கறிஞர் இரண்டு குழாய் விலைக்குக் கேட்டார். பல்லைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். கோலாலம்பூரிலிருந்து வந்த விற்பனையாளர் கட்டை விரல் நகத்தில் சாந்தை வைத்து விளக்கைக் காட்டினார். அது உடனே இறுகியது. பெட்டியில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

நவமணியின் முன்பல்லும் பாதி உடைந்திருந்தது. அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. காலையில் கிளினிக்குக்குள் நுழைந்ததும் துணி முகமூடியைக் கட்டுவாள், மாலையில் படி இறங்கும்போதுதான் அவிழ்ப்பாள். தேநீரைக்கூடச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் குடிப்பாள். உட்கார், உனக்கும் வைத்துவிடுகிறேன் என்று டாக்டர் மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும், எனக்கு இருக்கட்டும் டாக்டர், நோயாளிகளைப் பாருங்கள் என்று சொல்லி நழுவிவிட்டாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பொய் மனிதர்களிடம் நன்றாகவே இறுகியிருந்தது. சாந்திடம் அது செல்லாது என்று ஈப்போவிலேயே நன்றாக அறிந்தவள் அவள்தான்.

நடந்தது இதுதான். 1966இல் அவர்கள் காம்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்து வீட்டில் இருந்தார்கள். தாய் தகப்பன் இல்லை, பழனியப்பன் என்ற அண்ணன் மட்டும்தான். பதினைந்து வயது நவமணி, ஒரு மத்தியானம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஆபீசுக்குள் இருந்த நேரம் பார்த்து, வெளியே நின்ற அவருடைய சைக்கிளை எடுத்து ஓட்டிப் பார்த்தாள். ரப்பர் பால் கொட்டகைச் சரிவில் சைக்கிள் அவள் சொல் கேட்காமல் கால்வாயில் இறங்கியது. சக்கரம் வளைந்தது, பல் உடைந்தது. பால் வாளிகளோடு வந்துகொண்டிருந்த பிச்சைமுத்து என்ற இருபது வயதுப் பையன் வாளிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு நடந்தான். சட்டையெல்லாம் ரத்தமாகத் தன் தங்கை ஒருவன் கையில் கிடப்பதைப் பழனியப்பன் பார்த்தார். அவளை இறக்கிவிட்டு அவன் தண்ணீர் எடுக்கப் போனதும், இவனா என்று அவளிடம் கேட்டார். வாய் வீங்கிப் பேச முடியாத நிலையில் நவமணி தலையை ஆட்டினாள். கிராணியின் மேல் இருந்த பயம். ஆட்டியது ஆமாம் என்றுதான் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். நான்கைந்து பேர் சேர்ந்து பிச்சைமுத்துவை அடித்தார்கள். மறுநாள் சைக்கிளை நாசமாக்கிய பழியும் அவன் மேல் விழுந்தது. அந்த வாரமே அவனும் அவன் தாய் ராக்காயியும் லயத்தைக் காலி செய்துகொண்டு சித்தியவானுக்குப் பஸ் ஏறினார்கள். பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், சனங்கள் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தார்கள், பழனியப்பன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். பொய் மட்டும் நவமணியோடு வாடகை வீட்டுக்குக் குடிவந்தது.

ஏழு குழாய்கள் தீர்ந்திருந்த செப்டம்பர் மாதத்தில், சித்தியவானில் மீன் லாரி ஓட்டும் ஒருவர் வந்தார். அட்டையில் பெயரை எழுதும்போதே நவமணியின் பேனா நின்றது. பிச்சைமுத்துவுக்கு முன்நெற்றி ஏறியிருந்தது, மேல் முன்பல் குறுக்காக உடைந்திருந்தது. முகமூடி கட்டிய பெண்ணை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மகளுக்கு எட்டு வயது, அப்பா ஏன் சிரிக்கவே மாட்டேன்கிறார் என்று கேட்கிறாள், அதற்காகத்தான் வந்தேன் என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் நிறம் பார்த்துச் சாந்தை வைத்து, காரணத்தைக் கேட்டார். தோட்டத்தில் அடித்தார்கள் என்றார் பிச்சைமுத்து. நவமணி விளக்கைக் காட்டினாள். இறுகவில்லை. உள்ளதைச் சொன்னால்தான் ஒட்டும் என்று டாக்டர் மெதுவாக எடுத்துச் சொன்னார்.

"உள்ளதத்தான் சொல்றேன் டாக்டர். ஒரு பொண்ணு கால்வாயில விழுந்து கெடந்துச்சு, தூக்கிட்டுப் போனேன். எதுக்கு அடிச்சாங்கன்னு எனக்கே இன்னிக்கு வரைக்கும் தெரியாது லா."

இரண்டாம் முறையும் வழித்தெடுத்தார்கள், மூன்றாம் முறையும் வழித்தெடுத்தார்கள். அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்ததால் டாக்டர் குழம்பிப்போனார். சாந்து பழசாகியிருக்கும் என்று முதல் முறையாகச் சந்தேகப்பட்டார். நான்காம் முறை வைத்துப் பார்த்துவிட்டு, இது சரிப்படாது, பல்லைப் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டலாம் என்றார். பிச்சைமுத்து தலையசைத்தார். எதுவும் தன் பக்கம் நிற்காது என்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. நவமணியின் கையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் மறு கையால் முகமூடியைக் கழற்றினாள்.

"அண்ணே, நீங்க சொன்னது நெசம். பாதிதான் உங்ககிட்ட இருக்கு, மீதி எங்கிட்ட இருக்கு. கிராணி சைக்கிள எடுத்தது நான். நானே போய்க் கால்வாயில விழுந்தேன். எங்கண்ணன் இவனான்னு கேட்டுச்சு. நான் தலைய ஆட்டுனேன். அதனாலதான் உங்கள அடிச்சாங்க."

சாந்து இறுகியது. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் செய்யத் தெரியாமல், மெருகு போட ஆரம்பித்தார். மெருகு முடிய ஆறு நிமிடம் ஆனது. அந்த ஆறு நிமிடமும் பிச்சைமுத்து வாயைத் திறந்தபடி அவளுடைய உடைந்த பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொப்பளித்துத் துப்பிவிட்டு, தலையை ஆட்டியது ஆமாம் என்றா என்று கேட்டார். ஆமாம் என்றுதான் என்றாள் நவமணி. அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்தார். டாக்டர் நீட்டிய கண்ணாடியை வாங்கவில்லை.

"எங்கம்மா உசிரோட இருக்கு. நான் ஏதோ பண்ணியிருப்பேன்னு அதுக்கு உள்ளுக்குள்ள ஒரு எண்ணம். வெளிய சொல்லாது. நீ வந்து அதுகிட்டச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை நவமணி சித்தியவானுக்குப் போனாள். பஸ்ஸில் மூன்று முறை இறங்கிவிட நினைத்தாள். ராக்காயி வீட்டு வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். காது மந்தம். நவமணி கிட்டே குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லு என்றாள் ராக்காயி. சத்தமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். இன்னும் சத்தமாக என்றாள். மூன்றாம் முறை நவமணி கத்தியே சொன்னாள். எதிர்வரிசையில் மீன் கழுவிக்கொண்டிருந்த சீனப் பெண்கள் குழாயை மூடிவிட்டு நின்றார்கள், யாரோ அவர்களுக்கு மொழிபெயர்த்தும் சொன்னார்கள். பிச்சைமுத்து லாரியின் மேல் சாய்ந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராக்காயி கையைக் கழுவிக்கொண்டு, மகனிடம் போய், அவர் தாடையைப் பிடித்து முகத்தைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நவமணியிடம் திரும்பி வந்தாள்.

"முதல் தடவையே காதுல விழுந்துருச்சு. இவங்களுக்கும் கேக்கணுமில்ல. பதினாறு வருசம் எம்மவனுக்குச் சோறு போடுறப்பல்லாம் ஒரு சந்தேகத்தையும் சேத்துத்தான் போட்டேன். ஒன்ன மன்னிக்கிறது என்னால ஆகாது. உள்ள வந்து சாப்பிட்டுட்டுப் போ."

நவமணி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். மீன் குழம்பில் உறைப்பு அதிகம் என்று மட்டும் மறுநாள் டாக்டரிடம் சொன்னாள். அன்று மத்தியானம் நோயாளிகள் இல்லாத நேரத்தில் தானாகவே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் சாந்தை வைத்து விளக்கை எடுத்தார். காரணம் கேட்க அவர் வாயெடுப்பதற்குள், விளக்கின் பொத்தானை அழுத்துவதற்கும் முன்னால், அது இறுகிவிட்டது. அட்டையில் காரணக் கட்டத்தை நவமணியே நிரப்பினாள். இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினாள்.

1984இல் கடைசிக் குழாய் தீர்ந்தது. அடுத்து வந்தது வேறு கம்பெனிச் சாந்து. பொய் சொன்னாலும் உண்மை சொன்னாலும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அது நாற்பது விநாடியில் கல்லாகியது. வேலை சுலபமாகிவிட்டது என்றார் டாக்டர், ஆனால் அட்டையில் காரணக் கட்டத்தை எடுக்கச் சொல்லவில்லை. நோயாளிகளும் பழக்கத்தை விடவில்லை. பல்லை அடைத்து முடித்த பிறகும் சிலர் நாற்காலியை விட்டு எழாமல், இப்போது அது தேவையில்லை என்று தெரிந்தும், எப்படி உடைந்தது என்று சொல்லலாமா என்று கேட்டார்கள். சொல்லுங்கள் என்பாள் நவமணி. விளக்கை அணைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.