குருவியை விடு

சுரினாம் ஹாலந்திடமிருந்து சுதந்திரம் பெறுவதற்கு ஒரு வாரம் முன்பு என் தம்பி ஹெஸ்டி விமானம் ஏறினான். சுதந்திர நாளன்று ஹாலந்தில் குடியிருந்தவர்கள் டச்சுக்காரர்கள், இங்கே இருந்தவர்கள் சுரினாம்காரர்கள் என்று இரண்டு அரசும் எழுதிக்கொண்டன. ஒரே வயிற்றில் பிறந்த நாங்கள் இரண்டு நாட்டுக்காரர்களாகிவிட்டோம். முதல் ஐந்து வருஷம் போக வழி இருந்தது. அம்மா படுக்கையில் கிடந்தாள், நான் போகவில்லை. இப்போது விசா கேட்கிறார்கள். கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள்.

அவன் விட்டுப்போனது ஒரு பாட்டுக்குருவி. ஞாயிறு காலையில் எங்கள் பரமாரிபோ நகரத்து ஆண்கள் கூண்டும் கையுமாகச் சதுக்கத்தில் கூடி, யார் குருவி அதிகம் பாடுகிறது என்று போட்டி வைப்பார்கள். வெட்டிக் கூட்டம்.

இந்த ஞாயிறு ஆம்ஸ்டர்டாமிலிருந்து போன் செய்தான்.

"அக்கா, குருவிய பாட விடேன். கேட்டு எவ்வளவு நாளாச்சு!"

ரிசீவரைக் கூண்டருகே பிடித்தேன். அது வாயே திறக்கவில்லை. தட்டினேன், திட்டினேன். கடைசியில் நானே உதட்டைக் குவித்து அதைப்போல விசிலடித்தேன்.



"அக்கா, அது நீதானே?"

"ஆமாடா! உன் துரை வாயத் திறக்கணுமே. உன்ன மாதிரியே திமிரு."

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அதற்குள் என் விசிலுக்குப் பதில் சொல்வதுபோல் குருவி பாட ஆரம்பித்தது. அவசரமாக ரிசீவரைக் கூண்டுக்கு நீட்டினேன்.

"பாடுதுடா, கேளு!"

ரிசீவருக்குள்ளிருந்து அவன் குரல் மெல்லக் கேட்டது.

"குருவிய விடுக்கா. நீ ஊது."